விரித்த பூமியில் ஒரு கோடு

என் மகள் பூமியைத் தட்டையாக வைத்து ஒரு கணக்குப் போட்டாள். அந்தக் கணக்கைப் பத்துப் பதினைந்து பேர் முன்னால் நான் பெருமையாக அறிவித்தேன். அது பிழை என்று பிறகு அவளே கண்டுபிடித்தாள். எழுபதுகளின் நடுப்பகுதியில், பசறையைத் தாண்டி லுணுகலைப் பக்கம் போகும் வீதியில் உள்ள ஒரு சிறு கடைத்தெருவில் நடந்தது இது. அந்த ஒரு கிழமையை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு படபடக்கிறது. பெருமையாகவும் இருக்கிறது. இரண்டையும் பிரித்து எழுத எனக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு நாங்கள் பசறைக்குப் போவோம். மற்ற நாட்களுக்குக் கடைகளின் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு சிறு தொழுகைக் கூடம், எங்கள் தக்கியா, இருந்தது. இருபது பேர் நின்றால் நிறைந்துவிடும். நான் பதுளையில் சீனியர் வகுப்புவரை படித்தவன். ஆசிரியராக வேண்டும் என்று இருந்தவன், வாப்பா மௌத்தானதும் சில்லறைக்கடைக்கு வந்து சேர்ந்தேன். படித்தவன் என்று எனக்குக் கிடைத்த ஒரே மரியாதை, நோன்பு மாதத்தில் அசர் தொழுகைக்குப் பிறகு மௌலவி திருமறை ஓத, அதன் தமிழ் விளக்கத்தை நான் உரக்க வாசிப்பது.

பூமி மனிதனுக்காக விரிப்பாக்கப்பட்டது, மலைகள் அதில் முளைகளாக அடிக்கப்பட்டன, வானம் தூணில்லாத முகடாக நிறுத்தப்பட்டது என்றெல்லாம் வரும் இடங்கள் உண்டு. ஊவா மலையில் இருந்துகொண்டு அதை வாசிப்பவனுக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. ஒரு பாயை விரித்தால் நான்கு மூலையும் தரையில் படும்படியான இடம் எங்கள் பக்கத்தில் இல்லை. கொழுந்து பறிக்கும் பெண்கள் ஒரு காலை மேட்டிலும் ஒரு காலைப் பள்ளத்திலும் வைத்துத்தான் நாள் முழுக்க நிற்பார்கள்.

"விரிப்பு எங்கட பக்கம் வரக்குள்ள முடிஞ்சி போய்த்து போல. மிச்சத்தக் கசக்கிப் போட்டீக்கி" என்றார் ஹாஜியார் ஒரு நாள். சொன்ன கையோடு அஸ்தஃபிருல்லாஹ் என்று வாயில் அடித்துக்கொண்டார். எங்கள் கடைத்தெருவிலேயே மூத்தவர், புடவைக்கடைக்காரர். கப்பலில் போய் ஹஜ் செய்து வந்தவர் அவர் ஒருவர்தான்.

மௌலவி கிழக்குக் கரையிலிருந்து வந்த இளைஞர். அவர் சிரிக்கவில்லை. தன் தலைப்பாகையை அவிழ்த்து மடியில் போட்டார். அல்லாஹ் இரவைப் பகலின்மேல் சுற்றுகிறான், பகலை இரவின்மேல் சுற்றுகிறான் என்றும் அதே மறையில் இருக்கிறது, தலைப்பாகை சுற்றுவதைத்தான் அந்த இடம் ஞாபகப்படுத்தும் என்றார். பிறகு துணியைப் மறையை வைத்து ஓதும் ரேஹால் பலகையின்மேல் சுற்றப் பார்த்தார். அது மடிந்து மடிந்து விழுந்தது. தன் முழங்காலில் சுற்றினார். ஒட்டி நின்றது.

"எதுல சுத்தினா நிக்கிது எண்டு பாத்துக்கோங்க" என்றார். அவ்வளவுதான். நோன்பு திறக்கும் நேரம் நெருங்கியிருந்தது, கஞ்சி வாசனை வந்துகொண்டிருந்தது.

அந்தப் பெருநாளுக்குப் பிறகு தக்கியாவை இடித்துக் கல்லில் கட்டுவதென்று முடிவானது. சீமெந்து பெர்மிட்டுக்குத்தான் கிடைத்த காலம். ஹாஜியார் பதுளை அரசாங்கக் கச்சேரிக்கு நடையாய் நடந்து பெர்மிட் வாங்கிவிட்டார். மூட்டைகள் ஒரு சனிக்கிழமை வந்து இறங்கும், மழைக்கு முன்னால் தூண்களை வார்த்துவிட வேண்டும். அதற்குள் அத்திவாரம் தயாராக இருக்க வேண்டும். அத்திவாரம் போடுவதற்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். எந்தப் பக்கம் பார்த்துக் கட்டுவது?

பழைய தக்கியாவைக் கட்டியவர்கள், எதிரே இரண்டு மலைகளுக்கு நடுவில் சூரியன் இறங்கும் இடைவெளியைப் பார்த்து நேர் மேற்கு என்று வைத்திருந்தார்கள். சூரியன் எல்லா மாதமும் அந்த இடைவெளியில் இறங்குவதில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. மக்கா மேற்கிலிருந்து கொஞ்சம் வடக்கே சரிந்திருக்கிறது என்றார் மௌலவி.

"கொஞ்சமெண்டா எவ்வளவு?" என்று கேட்டார் ஹாஜியார்.

"அதத் திட்டமாச் செல்ல எனக்குத் தெரியாது. கணக்குத் தெரிஞ்ச ஆள் வேணும்."

"ஆள் எண்ட ஊட்டுல ஈக்கி" என்றேன் நான்.

யோசித்துச் சொல்லவில்லை. வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. என் மகளுக்கு அப்போது பதினேழு வயது. பதுளையில் உயர்தர வகுப்பில் கணிதம் படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் கடைத்தெருவிலிருந்து அவ்வளவு தூரம் பஸ்ஸில் போய்ப் படித்த முதல் பெண்பிள்ளை அவள். ஒவ்வொரு நாளும் மாலையில் பஸ் வரும் நேரத்துக்கு முன்பே கடை வாசலில் போய் நிற்பேன். மலைப்பாதையில் அதன் இரைச்சல் கேட்கும், ஒரு வளைவில் மறையும், மறுபடி கேட்கும். அது முழுதாக வந்து நிற்கும்வரை கடைக்குள் திரும்ப மாட்டேன். பாதை ஒரு பயம், ஊர்ப்பேச்சு இன்னொரு பயம். வயசுப் பிள்ளையை ஆம்பளைகள் நெருங்கி நிற்கும் பஸ்ஸில் அனுப்புகிறான் என்று சொந்தக்காரர்கள் என் முகத்துக்கு நேரே பேசத் தொடங்கியிருந்தார்கள். இன்னும் ஒரு சொல் அதிகமாக வந்தால் நான் தாங்கமாட்டேன், அவளை நிறுத்திவிடுவேன் என்று எனக்கே தெரியும். அவளுக்கும் தெரியும்.

ஆகையால் மக்காவின் திசை காட்டும் கிப்லாக் கோட்டை அவள் போட வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதில் பாதி, அந்த வாய்களை அடைப்பதற்காகத்தான்.

அவள் உற்சாகமாகச் செய்தாள். தேசப்படப் புத்தகத்தில் உலகப் படம் இருந்த பக்கத்தைத் திறந்து சாப்பாட்டு மேசையில் விரித்தாள். எங்கள் ஊர் இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி, மக்காவில் ஒரு புள்ளி. அடிமட்டத்தால் இணைத்தாள். பாகைமானியை வைத்து, "மேற்கிலிருந்து வடக்கே இருபது பாகை, வாப்பா" என்றாள். நானும் ஒருமுறை வைத்துப் பார்த்தேன். இருபதுதான்.

மேற்கைக் கண்டுபிடிக்க அவள் திசைகாட்டியை நம்பவில்லை. பாடசாலை விடுமுறை நாளில், கட்டடம் வரப்போகும் மண் தரையில் ஒரு கம்பை நட்டு, அதைச் சுற்றி வட்டம் கீறி, காலையில் நிழல் நுனி வட்டத்தைத் தொட்ட இடத்தையும் பின்னேரம் தொட்ட இடத்தையும் குறித்து இணைத்தாள். அவளுக்குக் கம்பு நட்டுக் கொடுத்தது மேசன் பாஸ். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் இருந்தவர், எங்கள் கடைத்தெருவின் பாதிச் சுவர்கள் அவர் கை பட்டவை. நூலைப் பிடித்துச் சுண்ணாம்பு தூவும்போது அவர் கதை சொல்லிக்கொண்டே இருந்தார்.

"எங்க புராணத்துல பாத்தீங்கன்னா மொதலாளி, ஒரு அசுரன் பூமியப் பாயாட்டம் சுருட்டிக் கக்கத்துல வச்சிக்கிட்டு கடலுக்குள்ள ஓடிட்டான். அப்புறம் பெருமாளு..." என்று தொடங்கியவர் சட்டென்று நிறுத்தினார்.

"பெருமாள் என்ன செஞ்சார்?" என்றார் ஹாஜியார்.

"ஒரு மிருகமா உருவம் எடுத்து வந்து மீட்டாருங்க."

"என்ன மிருகம்?"

"அது ஒரு காட்டு மிருகங்க, ஹாஜியார்."

என்ன மிருகம் என்று எல்லோருக்கும் தெரியும். பள்ளிவாசல் கட்டும் மண்ணில் நின்று அந்தப் பெயரைச் சொல்லக் கூடாதென்று அவர் விழுங்கிக்கொண்டதும் தெரியும். ஹாஜியார் தாடியைத் தடவிக்கொண்டு சிரிப்பை அடக்கினார்.

"ஆனா ஒண்ணுங்க. கதையில பாயின்னு சொல்றாங்க. கோயில் படத்துல பாத்தா, அந்த மிருகம் கொம்புல தூக்கி வச்சிருக்கிறது உருண்டையாத்தான் இருக்கு. பாயி எப்பிடி உருண்டையாச்சின்னு நானும் பூசாரிகிட்ட கேட்டுப் பாத்தேன். வேலையப் பாருடான்னுட்டாரு."

என் மகள் நூலைப் பிடித்தபடி அதைக் கேட்டுச் சிரித்தாள். அவள் கோடு கிடக்கும் மண்ணை எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். பழைய தக்கியாவின் சுவருக்கும் புதிய கோட்டுக்கும் இடையே இருந்த சரிவு கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தது. ஹாஜியாரின் முகம் மாறியது.

"அப்ப எங்கட வாப்பாமாரு இத்தன வருஷமும் பிழையாத் தொழுதாங்களா?"

கேள்வி என்னைப் பார்த்து வந்தாலும் மௌலவிதான் பதில் சொன்னார். தெரிந்த மட்டும் முயன்று ஒரு திசையில் நின்றவனின் தொழுகை நிறைவானது, அவர்களுடைய தொழுகைக்கு எந்தக் குறையும் இல்லை, நமக்குத் தெரிந்த பிறகு நாம் அலட்சியமாக இருந்தால்தான் குறை என்றார். ஹாஜியார் கோட்டின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நடந்து பார்த்தார். பிறகு, "வெட்டு பாஸ்" என்றார்.

பால்சோறும் வாழைப்பழமும் பரிமாறினோம். "என் மகள் போட்ட கோடு" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னேன். பஸ்ஸைப் பற்றிப் பேசிய என் மச்சான்கூட, "புள்ள கெட்டிக்காரிதான்" என்றார். அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது என் கால் தரையில் பட்டதா என்று தெரியாது.

அத்திவாரம் வெட்டிக் கருங்கல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். தூண் வார்க்க வேண்டிய சனிக்கிழமைக்கு முந்திய புதன்கிழமை, மகள் பஸ்ஸிலிருந்து இறங்கி என்னைத் தாண்டி நேரே வீட்டுக்குள் போனாள். சலாம் சொல்லவில்லை. நான் கடையை அப்படியே விட்டுவிட்டுப் பின்னால் ஓடினேன். பஸ்ஸில் யாரோ ஏதோ செய்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

அவள் மேசையில் தேசப்படப் புத்தகத்தைத் திறந்து வைத்து நின்றுகொண்டிருந்தாள்.

"வாப்பா, நான் பிழை செஞ்சிட்டேன்."

"என்ன பிழை?"

"இந்தப் படம் தட்ட. பூமி தட்ட இல்ல."

எனக்கு விளங்கவில்லை. அவள் சொன்னாள்: பாடசாலையில் பூகோள அறையில் ஒரு உருண்டை இருக்கிறது. ஆகாய விமானங்கள் போகும் பாதையைக் காட்ட ஆசிரியை அதில் ஒரு நூலை இழுத்துப் பிடித்தார். தட்டைப் படத்தில் நேராக இருக்கும் பாதை உருண்டையில் நேராக இல்லை. இடைவேளையில் இவள் தனியாகப் போய் எங்கள் ஊரிலிருந்து மக்காவுக்கு நூலை இழுத்துப் பார்த்திருக்கிறாள். நூல் இவள் கோட்டை விட்டு வடக்கே ஏறிக் கிடந்திருக்கிறது. கணித ஆசிரியரிடம் கேட்டு, உருண்டைக்கான கணக்கையும் போட்டுப் பார்த்திருக்கிறாள். இருபத்து நான்கு பாகைக்குக் கொஞ்சம் மேலே.

"நாலு பாகைதானே" என்றேன்.

அவள் கையை நீட்டி இரண்டு விரலைச் சேர்த்துப் பிடித்தாள். "இங்க நிண்டு பாத்தா இவ்வளவுதான் வாப்பா. அங்க போய்ச் சேரக்குள்ள மக்காவ விட்டு ஒரு பகல் முழுக்க பஸ்ல போற தூரம் விலகிரும்."

எனக்குச் சட்டம் தெரியும். தூரத்தில் இருப்பவன் கஃபாவின் பக்கமாகப் பார்த்தால் போதும், நூல் பிடித்தாற்போல் நிற்கத் தேவையில்லை. அதைச் சொன்னேன். ஏதோ மார்க்க விளக்கம் சொல்பவனைப் போல நிதானமாகச் சொன்னேன்.

"அப்ப பழைய மேற்கே போதுமே வாப்பா. நாம ஏன் மாத்தினோம்?"

அடுப்படியிலிருந்து வந்து கதவில் சாய்ந்து நின்ற என் மனைவிதான் பேசினாள். "வாய வச்சிக்கிட்டு சும்மா இரிங்க ரெண்டு பேரும். கல்லு அடுக்கியாச்சி. இனிப் போய் பிழை எண்டா என்ன செல்வாங்க? புள்ளையப் பதுளைக்கு அனுப்பிப் படிக்க வச்ச இலட்சணம் எண்டு செல்வாங்க. அடுத்த நாளே பஸ்ஸ நிப்பாட்டுங்க எண்டு உங்கட மச்சானே வந்து நிப்பாரு."

அவள் சொன்னது அத்தனையும் என் மனதில் ஓடிக்கொண்டிருந்ததுதான். நான் இன்னொரு வழி கண்டுபிடித்தேன். பாஸிடம் தனியாகப் பேசி, கல் அடுக்கியதில் ஏதோ கோணல் என்று சொல்லிக் கோட்டைத் திருப்பிவிடலாம். இல்லாவிட்டால் ஆசிரியர் தவறாகச் சொல்லிக்கொடுத்தார் என்று சொல்லலாம்.

மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எண்ட பிழைய ஏன் மத்தவங்க தலையில போடுறீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் என்னை உலுக்கியது. அவளுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

அடுத்த நாள் பின்னேரம் அசர் முடிந்து எல்லோரும் கட்டட வேலையைப் பார்க்க நின்ற நேரம், பஸ் வந்து நின்றது. வெள்ளைப் பாடசாலை உடுப்போடு, முக்காடு சரிய, மகள் கையில் ஒரு பெரிய துணிப் பொட்டலத்தை அணைத்துக்கொண்டு இறங்கினாள். ஆசிரியையிடம் கெஞ்சி அந்தப் பூகோள உருண்டையைக் கேட்டு வாங்கி, பதுளையிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறாள். பூசணிக்காய்க்கு அரை டிக்கட்டாவது எடு தங்கச்சி என்று கண்டக்டர் கேலி செய்தாராம். அவள் வீட்டுக்குத் திரும்பவில்லை. கடைகளின் இடுக்கு வழியாக நேரே மணல் குவியலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

பெண்பிள்ளை வந்து நிற்பதைப் பார்த்து ஆண்கள் விலகி வழிவிட்டார்கள். எதற்கு வந்தாள் என்று தெரிந்த ஒரே ஆள் நான். சுவர்ப்பக்கம் போய்ச் சாய்ந்துகொண்டேன்.

பாஸ் கலவைச் சட்டியைக் கவிழ்த்து வைக்க, அதன்மேல் அவள் உருண்டையை வைத்தாள். நூலை எடுத்து இழுத்துக் காட்டினாள். குரல் முதலில் மெல்லியதாக வந்தது. பிறகு சரியானது. போட்ட கோடு பிழை, இவ்வளவு திருப்ப வேண்டும் என்றாள்.

ஹாஜியார் கைத்தடியை மணலில் ஊன்றினார். "போன கிழம ஒரு கோடு. இந்தக் கிழம ஒரு கோடு. வார கிழம என்ன கொண்டு வரப் போறீங்க மகள்?"

சிரிப்பு எழுந்தது. என் மச்சானின் சிரிப்பு எனக்குத் தனியாகக் கேட்டது.

"போன கிழம நான் பூமியப் பாய் மாதிரி விரிச்சி வச்சி அளந்தேன்" என்றாள் மகள். "அது எண்ட பிழை. வாப்பாட பிழை இல்ல, பாஸ்ட பிழையும் இல்ல."

சிரிப்பு நின்றது. ஹாஜியார் உருண்டையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவர் சொன்னதை யாரும் எதிர்பார்க்கவில்லை.

"திருமறையில பூமி விரிப்பு எண்டுதானே ஈக்கி? உங்கட வாப்பாதான் வாசிச்சார், நாங்க எல்லாரும் கேட்டோம். அப்ப நீங்க விரிச்சி வச்சி அளந்ததுதான் சரி. பிழையே இல்லையே. ஏன் மாத்திறீங்க?"

இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். அவர் குத்தலாகச் சொல்லவில்லை. குனிந்து நிற்கும் ஒரு பிள்ளைக்கு மரியாதையாக வெளியே போக ஒரு கதவைத் திறந்துவிட்டார். அவள் தலையாட்டினால் போதும். கல் அப்படியே இருக்கும், சனிக்கிழமை தூண் வார்ப்பார்கள், அவள் பெயர் காப்பாற்றப்படும், பஸ்ஸில் போய்ப் படிப்பது நிற்காது. வேதமே அவள் பக்கம் இருக்கிறது என்று ஊரே சொல்லும். "அதுதானே ஹாஜியார்" என்று தொடங்கினேன்.

அவள் என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"விரிப்பு எண்டு சென்னது நாம நடக்க, படுக்க, விதைக்க எண்டு நினைக்கிறேன் ஹாஜியார். அல்லாஹ் நமக்குத் தந்ததச் செல்ற இடம் அது. அளவு செல்ற இடம் இல்ல. நான் அளக்கப் போய்த்துத்தான் அதப் பாய் எண்டு நினச்சேன். அது மறையில ஈக்கிற பிழை இல்ல. நான் படத்தப் பாத்துச் செஞ்ச பிழை. மறைய எனக்குத் துணைக்கு இழுக்க ஏலாது."

மௌலவி ஹாஜியாரைப் பார்த்து, "நான் ஓதிப் படிச்ச இடத்துல இதச் செல்லித் தர உஸ்தாதுக்கு ஒரு மாசம் போனிச்சி" என்றார்.

ஹாஜியார் உருண்டைக்குப் பக்கத்தில் குனிந்தார். விரலால் கொழும்பைத் தொட்டு, கடலில் மெல்ல இழுத்துக்கொண்டு போனார்.

"கப்பல்ல ஒரு மலையாளத்து ஆள் இருந்தான்" என்றார், யாரையும் பார்க்காமல். "ஒவ்வொரு நாளும் காலையில மேல்தட்டுல சோக்கால கோடு போடுவான், இந்தப் பக்கம் பாத்துத் தொழுங்க எண்டு. ஒரு நாள் போட்ட கோடு அடுத்த நாள் இருக்காது. வேறயாப் போடுவான். கப்பல் திரும்பவே இல்ல, கடல் நேராத்தான் கெடக்கு, இவன் என்ன வெளையாடுறானா எண்டு நான் அவனுக்கு ஏசினேன். எல்லாருக்கும் முன்னுக்கு ஏசினேன். பாவம், அவன் ஒண்டும் செல்லல்ல. எனக்கு விளங்கப்படுத்த அவனுக்குப் பாஷ இல்ல."

நிமிர்ந்தார். "பாஸ், எத்தன நாள் வேல?"

"முன்சுவரு மூலை ரெண்டையும் பிரிச்சி அடுக்கணுங்க. ஆளு இருந்தா நாளைக்குப் பொழுதுக்குள்ள முடிச்சிறலாம்."

"ஆளுக்கென்ன. எல்லாரும் ஈக்கோம்."

அவரே போய் மூலை முளையைப் பிடுங்கினார். எண்பதை நெருங்கிய மனிதர். மகள் மறுபடி நூலைப் பிடித்தாள், பாஸ் சுண்ணாம்பு தூவினார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பசறையிலிருந்து வந்தவர்கள் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுக் கருங்கல் தூக்கினார்கள். என் மச்சானும் தூக்கினார். சனிக்கிழமை சீமெந்து வந்தபோது அத்திவாரம் திரும்பி உட்கார்ந்திருந்தது.

அவளை யாரும் எதுவும் சொல்லவில்லை என்று எழுதினால் அது சரியாக இராது. நாலைந்து நாள் பேசினார்கள். "உங்கட மகள் இண்டைக்கு மக்காவ எங்க வச்சீக்கி?" என்று கடைக்கு வந்து கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. ஆனால் அடுத்த வருடம் பாடசாலை தொடங்கியபோது ஹாஜியார் தன் பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு வந்தார். "இவளையும் அதே பள்ளிக்கூடத்துல சேத்தீக்கி. உங்கட மகளோட போய் வரட்டும்" என்றார். அதன் பிறகு பஸ்ஸைப் பற்றி என்னிடம் யாரும் பேசவில்லை.

இதையெல்லாம் பெருமையோடு எழுதுகிறேன். எனக்கு உரிமையுள்ள பெருமை எவ்வளவு என்பதில்தான் எனக்கு நிம்மதியில்லை.

அந்த வியாழக்கிழமை மாலை வீட்டுக்குத் திரும்பும்போது, உருண்டையை நான் தூக்கிக்கொண்டேன். அவள் கை முழுக்கச் சுண்ணாம்பு. வழியில் கேட்டாள்.

"வாப்பா, ஹாஜியார் கேக்கக்குள்ள நீங்க என்னமோ செல்ல வந்தீங்களே. 'அதுதானே' எண்டீங்க."

"அதுதானே, புள்ள செல்றதையும் கேளுங்க எண்டு செல்ல வந்தேன்."

"ம்" என்றாள். என் பக்கத்தில் நடந்து வந்தாள். தனக்கு ஆதரவாகப் பேச வந்த வாப்பா என்று நினைத்துக்கொண்டே நடந்திருப்பாள். அந்தக் கையைப் பிடித்து உண்மையைச் சொல்ல எனக்கு அன்று தைரியம் வரவில்லை, மறுநாளும் வரவில்லை.

நான் சொல்ல வந்தது அதுவல்ல மகள். முதல் கோடே சரி, மறை அப்படித்தான் சொல்கிறது, கல் அப்படியே இருக்கட்டும் என்று சொல்ல வந்தேன். இன்னும் இரண்டு சொல் கிடைத்திருந்தால் சொல்லியிருப்பேன். பிறகு நீ உன் வாப்பாவை மறுத்துப் பேச வேண்டி வந்திருக்கும், இல்லாவிட்டால் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டி வந்திருக்கும். எதைச் செய்திருப்பாய் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குப் படபடக்கிறது. நீ முந்திக்கொண்டதால் நான் தப்பினேன்.

அவள் இப்போது பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். விடுமுறைக்கு வரும்போது என் மேசையில் கிடக்கும் காகிதங்களை எடுத்து வாசிக்கும் பழக்கம் அவளுக்கு உண்டு. இதை நான் மறைத்து வைக்கப்போவதில்லை.